மருத்துவக் காப்பீடு, மருத்துவமனை விளம்பரங்களில் நகைச்சுவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் காப்பீட்டு முகவர்கள், ஆஸ்பத்திரி அலுவலகத்தில் இருப்பவர்கள், லேப், ஸ்கேன் சென்டர் நடத்துபவர்கள், இவர்களுக்கு நோட்டீஸும் ரேடியோ விளம்பரமும் எழுதிக் கொடுப்பவர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இருக்கின்றன.

நோய்ன்னாலே பயம்தானுங்க. அதுல சிரிப்புக்கு என்ன வேலை?

நோயில் சிரிப்புக்கு வேலை இல்லை. நோயைச் சுற்றி நாம் செய்யும் காரியங்களில் நிறைய உண்டு. "இந்த சீசன் முடியட்டும், பாலிசி எடுத்துக்கலாம்" என்று நான்கு சீசனாகச் சொல்வது, சர்க்கரைப் பரிசோதனைக்கு முந்தின நாள் மட்டும் இனிப்பைத் தொடாமல் இருப்பது, பழைய ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்துவிட்டு எங்கே வைத்தோம் என்று வீட்டையே புரட்டிப் போடுவது. இதெல்லாம் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான்.

வெறுமனே பயமுறுத்தும் விளம்பரத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. பயந்தவருக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று வழி தெரியாவிட்டால், நோட்டீஸை மடித்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். சிரித்தவர் இரண்டாவது வரியையும் படிப்பார். அந்த இரண்டாவது வரியைச் சம்பாதித்துக் கொடுப்பதுதான் நகைச்சுவையின் வேலை.

அப்ப எதை வச்சு ஜோக் பண்ணலாம், எதைத் தொடவே கூடாது?

சிரிப்புக்கு ஆளாகிறவர் யார் என்று முதலில் பாருங்கள். நோயாளி என்றால் அந்த ஜோக்கைத் தூக்கிப் போடுங்கள். உடல் பருமன், திக்குவாய், மனநோய், குழந்தையின்மை, பணம் கட்ட முடியாத நிலை எதுவும் ஜோக்குக்கு ஆகாது. மாற்றுத்திறனாளியைப் பொதுவெளியில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை உண்டு. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், அவர்களை இழிவுபடுத்தும் நகைச்சுவை வேறு, அவர்கள் வாழ்க்கையைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு என்று பிரித்தே சொல்லியிருக்கிறது.

நம் மலைக்கென்று சில உண்டு. கூடலூர், பந்தலூர் பக்கம் விபத்துக் காப்பீட்டுக்கு யானை ஜோக் எழுதிக்கொண்டு வருகிறார்கள். அங்கே யானை தாக்கி ஆளை இழந்த வீடுகள் இருக்கின்றன. மண்சரிவும் அப்படித்தான், 2009 நவம்பரில் ஒரே மழையில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த மாவட்டம் இது. பச்சைத் தேயிலை விலையையும் விட்டுவிடுங்கள். அது சிறு விவசாயிக்கு வேடிக்கை இல்லை. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் உடையை யாருக்காவது மாட்டிவிட்டுச் சிரிக்க வைக்கும் யோசனை வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஜோக் நல்லா ஓடுது. ஆனா எங்க பேரு யாருக்கும் ஞாபகம் இல்ல. ஏன்?

ஜோக் ஒரு பக்கமும் விஷயம் ஒரு பக்கமுமாக உட்கார்ந்திருக்கிறது. சிரிப்பு வலுவாக இருக்க இருக்க, பக்கத்தில் இருக்கும் பெயரை அது தின்றுவிடும். விஷயத்தை எடுத்துவிட்டாலும் ஜோக் தனியாக நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அது உங்கள் விளம்பரத்துக்கு உதவாது.

அமெரிக்காவில் அஃப்லாக் என்ற காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் யார் மனதிலும் நிற்கவில்லை. சொல்லிப் பார்த்தால் வாத்து கத்துவது போலிருக்கிறது என்று பிடித்து, 2000 தொடக்கத்தில் ஒரு வாத்தை அந்தப் பெயரையே கத்தவிட்டார்கள். அங்கே ஜோக்கே பெயர்தான், பிரிக்க முடியாது. நம் ஊருக்கு ஒன்று சொல்கிறோம். கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோய்க்குக் காப்பீட்டுப் பணம் கிடைக்காத காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம். "மசினகுடிக்கு இறங்க 36 வளைவு. பழைய சர்க்கரைக்குக் காத்திருக்க 36 மாதம். இன்னைக்கு வண்டியை எடுத்தாத்தானே முதல் வளைவு வரும்!" இதைக் கேட்டவர் அடுத்த முறை கல்லட்டி இறங்கும்போது வளைவுப் பலகையைப் பார்த்தாலே காத்திருப்புக் காலம் நினைவுக்கு வரும்.

அந்த 36 வளைவை அப்படியே போட்டுக்கலாமா?

உங்கள் பாலிசியின் காத்திருப்பு எவ்வளவு என்று பார்க்காமல் போடாதீர்கள். 36 மாதம் என்பது விதி அனுமதிக்கும் உச்சவரம்பு. 2024 ஏப்ரல் 1க்கு முன்னால் அது 48 மாதமாக இருந்தது. நீங்கள் விற்கும் பாலிசியில் 24 மாதமே இருக்கலாம். அப்போது 36 என்று எழுதினால் உங்கள் பொருளையே நீங்கள் மோசமாகச் சொல்கிறீர்கள். பாலிசி தொடங்கிய முதல் 30 நாட்களுக்கு விபத்து தவிர வேறு எதற்கும் பொதுவாகப் பணம் கிடைக்காது என்பது இன்னொரு கணக்கு. இரண்டையும் ஒரே ஜோக்கில் திணித்தால் கேட்பவர் இரண்டையும் விட்டுவிடுவார்.

"அதிகபட்சம்" என்ற சொல்லைக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் அடியில் போடாதீர்கள். தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய அரசு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, விளம்பரத்தில் சொன்ன விஷயத்துக்கான விளக்கக் குறிப்பு அதே மொழியில், அதே எழுத்து வகையில் இருக்க வேண்டும். தமிழில் சிரிக்க வைத்துவிட்டு நிபந்தனையை ஆங்கிலத்தில் ஒளித்து வைக்க முடியாது. இன்னொன்று: ஜோக் வளைவை எண்ணுவதில் இருக்கட்டும். வண்டி கவிழ்வதில் வேண்டாம். அந்தப் பாதையில் உண்மையாகவே கவிழ்ந்திருக்கின்றன.

லேப்ல ஒட்டற போஸ்டர்ல சிரிப்பு வரலாமா?

தாராளமாக. இந்தத் துறையில் நகைச்சுவைக்கு மிக நல்ல இடம் அதுதான், ஏனென்றால் அங்கே விற்க எதுவும் இல்லை. ஒரு காரியத்தைச் சரியாகச் செய்ய வைத்தால் போதும். வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் பலர் டீயைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. பாலும் சர்க்கரையும் போட்ட டீ குடித்துவிட்டு "வெறும் வயிறுதாங்க" என்று கை நீட்டுவார்கள். ரிசல்ட் ஏறி இருக்கும்.

முதலில் இப்படி எழுதுவார்கள்: "டீ குடிச்சிட்டு வந்தா நர்ஸம்மா ஊசியை ரெண்டு தடவை குத்துவாங்க!" சிரிப்பு வரும், கூடவே ஊசிப் பயமும் வரும், என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் அதில் இல்லை. இப்படி மாற்றிப் பாருங்கள்: "வெறும் வயிறுன்னா டீயும் இல்லை. நம்ம தோட்டத்து டீயா இருந்தாலும் இல்லை." அதன் கீழே சிரிப்பே இல்லாமல்: "8 முதல் 10 மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் வாருங்கள். தண்ணீர் குடிக்கலாம். தினமும் எடுக்கும் மாத்திரையை என்ன செய்வது என்று டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்."

இதை ரத்தம் எடுக்கும் அறையில் ஒட்டினால் பயனில்லை. அங்கே வருபவர் ஏற்கெனவே டீ குடித்துவிட்டார். முந்தின நாள் கொடுக்கும் சீட்டில் அச்சடியுங்கள்.

ஆஸ்பத்திரிக்குன்னு ஜாலியா ஒரு விளம்பரம், டாக்டர் போட்டோவோட போடலாமா?

வேண்டாம். மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள் மருத்துவர் தன்னை விளம்பரப் பொருளாக்குவதைத் தடுக்கின்றன. பெயர்ப் பலகையில் தன் போட்டோ போடுவதே சுயவிளம்பரம் என்று அதில் இருக்கிறது. புதிதாகத் தொழில் தொடங்குவது, முகவரி மாறுவது, விடுப்பில் போவது, திரும்பி வருவது, கட்டணத்தை அறிவிப்பது போன்றவற்றை மட்டும் பத்திரிகையில் முறையாக அறிவிக்கலாம்.

மருத்துவர் நடத்தும் தனியார் ஆஸ்பத்திரி விளம்பரத்திலும் பெயர், எந்த வகை நோயாளிகளைச் சேர்ப்பார்கள், என்ன வசதிகள், கட்டணம் என்பதற்கு மேல் எதுவும் இருக்கக் கூடாது. ஜோக்குக்கு அதில் இடமே கிடையாது. ஆகவே ஆஸ்பத்திரியின் நகைச்சுவையை முந்தைய கேள்வியில் சொன்ன பக்கம் திருப்புங்கள்: பழைய ரிப்போர்ட் கொண்டு வருவது, பார்வை நேரம், கை கழுவுவது, நோயாளிக்கு முன்னால் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்லாமல் இருப்பது.

நான் ஏஜென்ட். என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல நானே எழுதிப் போட்டா யாருங்க கேக்கப் போறாங்க?

ஸ்டேட்டஸும் விளம்பரம்தான். முகவர் வெளியிடும் விளம்பரத்துக்கு நிறுவனத்தின் எழுத்து மூலமான முன் ஒப்புதல் வேண்டும். எழுதியதை முதலில் உங்கள் கிளைக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஒப்புதல் வந்த பிறகு ஒரு சொல்லைக்கூட மாற்றாதீர்கள். இன்னும் நன்றாகச் சிரிப்பு வரட்டும் என்று கடைசி நிமிடத்தில் சேர்க்கும் வரிதான் பெரும்பாலும் மாட்டிவிடும்.

குறிப்பாக ஒன்று: "முதல் பிரீமியம் மாமா செலவு!" என்பது போன்ற விளையாட்டு வரி. 1938ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, பாலிசி எடுக்க வைப்பதற்காகப் பிரீமியத்தில் தள்ளுபடி தருவதையும் தருவதாகச் சொல்வதையும் தடுக்கிறது. அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை. விளையாட்டுக்குச் சொன்னேன் என்று பிறகு விளக்கிக்கொண்டிருக்க முடியாது. பழைய ஸ்டேட்டஸைத் திரும்பப் போடும்போதும் கவனம் வேண்டும். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. அதை வைத்து எழுதிய ஜோக்கெல்லாம் இப்போது தப்பான தகவல்.

மிகைப்படுத்தறதுதானே ஜோக்கே? அதுவும் தப்பா?

யாரும் நம்பவே மாட்டார்கள் என்ற அளவுக்குப் பெரிதாகச் சொன்னால் அது மிகை. நம்பக்கூடிய அளவுக்குச் சொன்னால் அது வாக்குறுதி. "டீ ஆறறதுக்குள்ள கேஷ்லெஸ் ஓகே!" என்று ஒரு வரி சுற்றுகிறது. ஊட்டியில் டீ ஐந்து நிமிடத்தில் ஆறிவிடும். ரொக்கமில்லா சிகிச்சைக்கு விண்ணப்பித்தால் 1 மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜுக்கு 3 மணி நேரத்தில் இறுதி அனுமதி தர வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் 2024 மே மாதச் சுற்றறிக்கை. கவுன்டர் முன்னால் நிற்பவருக்கு அந்த வரி பொய்யாகத்தான் படும். "ஃபிளாஸ்க்ல டீ கொண்டு வாங்க, 1 மணி நேரத்துல முடிவு சொல்லணும்" என்றால் சிரிப்பும் இருக்கிறது, கணக்கும் சரியாக இருக்கிறது.

சர்க்கரை, புற்றுநோய், வலிப்பு, கண்புரை போன்றவற்றை இந்த மருந்து குணப்படுத்தும் என்று வேடிக்கையாகக்கூட எழுத முடியாது. 1954ஆம் ஆண்டு மருந்துகள், மாய வைத்தியங்கள் சட்டம் அதைத் தடுக்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறை 10 லட்சம், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம்.

ரூம் வாடகைக் கழிவு மாதிரி மண்டை காயற விஷயத்தைச் சிரிப்பா சொல்ல முடியுமா?

முடியும், அதிகம் தேவைப்படுவதும் அங்கேதான். கிளெய்மில் மனக்கசப்பு வருவதற்கு இது ஒரு பெரிய காரணம். முதலில் கணக்கு. 3 லட்சம் ரூபாய் பாலிசி, ரூம் வாடகை வரம்பு ஒரு நாளைக்கு 1 சதவீதம் என்றால் 3,000 ரூபாய். கோயம்புத்தூரில் 6,000 ரூபாய் ரூமில் படுத்தால், நாளுக்கு 3,000 ரூபாய் கையிலிருந்து போகும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். ஆனால் டாக்டர் கட்டணம், நர்சிங், ஆபரேஷன் தியேட்டர் போன்ற ரூமோடு சேர்ந்து ஏறும் செலவுகளும் அதே விகிதத்தில் வெட்டப்படும். அவை 80,000 என்றால் 40,000தான் வரும். மருந்து, உடலுக்குள் பொருத்தும் கருவிகள், பரிசோதனைகள், ஐசியூ கட்டணம் ஆகியவற்றில் இந்த வெட்டு கிடையாது.

இதை நீலகிரிக்காரருக்குப் புரியவைக்க மே மாதத்தை விடப் பொருத்தமான உதாரணம் இல்லை. சீசனில் லாட்ஜ் வாடகை எகிறுவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். "சீசன்ல ரூம் வாடகை டபுள் ஆனா ரூம் மட்டும்தான் டபுள். ஆஸ்பத்திரியில ரூம் டபுள் ஆனா, கதவைத் தட்டிட்டு உள்ள வர்ற டாக்டர் ஃபீஸும் டபுள்!" இந்த ஒரு வரியில் விகிதக் கழிவின் காரணமே வந்துவிடுகிறது. அடுத்து நேரடியாக: "உங்க பாலிசியில ரூம் வாடகை வரம்பு எவ்வளவுன்னு இன்னைக்கே பாருங்க." இதில் டாக்டரைக் கிண்டல் செய்வதாகத் தோன்றினால் "டாக்டர் ஃபீஸும்" என்பதை "மத்த பில்லும்" என்று மாற்றிக்கொள்ளுங்கள், வேகம் கொஞ்சம் குறையும், யார் மனமும் நோகாது. ரூமைப் பொறுத்துக் கட்டணம் மாறாத ஆஸ்பத்திரியில் விகிதக் கழிவு செய்யக் கூடாது என்பதையும் நோட்டீஸில் தனி வரியாகச் சேருங்கள்.

சினிமா காமெடி மீம் போட்டா உடனே பிடிச்சுக்குதே?

நண்பர்களுக்குள் அனுப்புவது வேறு, வியாபாரத்துக்குப் போடுவது வேறு. படக்காட்சிக்கு உரிமையாளர் இருக்கிறார், நடிகரின் முகத்துக்கும் உரிமை இருக்கிறது. ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2015இல் அவருடைய பெயரை, உருவத்தை, வசனம் பேசும் பாணியை அனுமதியில்லாமல் ஒரு படத்தில் பயன்படுத்துவதைத் தடுத்தது. தவிர, மீமைப் பார்த்தவருக்கு நடிகர் நினைவில் நிற்பார். உங்கள் பெயர் நிற்காது. மூன்றாவது கேள்வியின் பதில் இங்கேயும் பொருந்தும்.

மாமியார், பொண்டாட்டி ஜோக்?

வேண்டாம். பல வீடுகளில் ஆஸ்பத்திரி ஃபைலைக் கையில் வைத்திருப்பவரே அந்த அம்மாதான். இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழுமமும் பெண்களை இழிவாகக் காட்டும் சித்தரிப்புகளுக்கு எதிராக 2022இல் வழிகாட்டுதல் தந்திருக்கிறது.

ஸ்கேன் சென்டருக்கு "சிங்கக்குட்டியா, மயிலா"ன்னு ஒரு வரி எழுதியிருக்கோம், பரவாயில்லையா?

அதை இப்போதே கிழித்துப் போடுங்கள். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதாகக் குறிப்பால் உணர்த்தும் விளம்பரம்கூட, கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22ஆம் பிரிவில் குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம்.

படுகு பேசறவங்க, மலையாளம் பேசறவங்க எல்லாருக்கும் ஒரே ஜோக் போதுமா?

சொல் விளையாட்டு மொழி தாண்டாது. நிலைமை தாண்டும். ரிப்போர்ட்டைத் தேடுவதும் டீ குடித்துவிட்டு வருவதும் குன்னூர் பக்கத்துப் படுகர் ஊரான ஹட்டியிலும் பந்தலூரிலும் ஒன்றுதான். நிலைமையை மட்டும் சொல்லி, அந்தந்த மொழி பேசுகிறவரையே வசனத்தைப் புதிதாக எழுதச் சொல்லுங்கள். தமிழ் பேசுபவர் படுகு மாதிரி இழுத்துப் பேசி நடிப்பது, தோட்டத்தில் இருக்கும் தாயகம் திரும்பியவர்களின் இலங்கைத் தமிழைப் போலப் பேசிக் காட்டுவது இரண்டும் கேலியாகவே காதில் விழும்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கே, அப்புறம் இது எதுக்குங்கறாங்க. அதுக்கு ஒரு ஜோக்கால பதில் சொல்லலாமா?

இதற்கு ஜோக் வேண்டாம், நேராகச் சொல்லுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு அந்தத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு, பதிவு பெற்ற ஆஸ்பத்திரிகளில் கிடைக்கிறது. தகுதி உள்ளவருக்கு முதலில் அந்த அட்டையை வாங்க வழி காட்டுங்கள். அதைக் கிண்டலாக்கி உங்கள் பாலிசியை விற்றால், அந்த அட்டையால் பிழைத்த ஒருவர் கூட்டத்தில் எழுந்து பதில் சொல்வார்.

ரேடியோவுக்கு எழுதறப்ப எவ்வளவு ஜோக், எவ்வளவு விஷயம்? ஓடுமான்னு முன்னாடியே தெரிஞ்சுக்க முடியுமா?

30 வினாடிக்கு 50 சொல்லைத் தாண்டாதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளம். அதற்கு மேல் போனால் படிப்பவர் மூச்சு முட்டுவார். முதல் 12 வினாடி நிலைமையும் சிரிப்பும். பிறகு ஒரு வினாடி இடைவெளி, இல்லாவிட்டால் கேட்பவர் சிரிக்கும் சத்தத்தில் அடுத்த சொல் போய்விடும். மிச்சம் விஷயம், பெயர், செய்ய வேண்டிய ஒரே காரியம். கடைசி வரியைச் சாதாரணக் குரலில் சொல்லுங்கள். முடிவுவரை விளையாட்டுக் குரலிலேயே போனால் "சும்மா ஜோக்" என்று விஷயத்தையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள்.

பத்துப் பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். அதில் இரண்டு பேராவது கடந்த ஓராண்டில் ஆஸ்பத்திரியில் படுத்தவராகவோ, கூடவே இருந்து பார்த்துக்கொண்டவராகவோ இருக்கட்டும். அன்றைக்கே கருத்துக் கேட்காதீர்கள். மறுநாள் மூன்றே கேள்வி: எதைப் பற்றி, யாருடையது, என்ன செய்யச் சொன்னது. ஏழு பேராவது மூன்றையும் சொன்னால் வெளியிடலாம். ஜோக்கை மட்டும் சொன்னால் திரும்ப எழுதுங்கள். ஆஸ்பத்திரியில் இருந்த அந்த இரண்டு பேரில் ஒருவர் முகம் சுளித்தாலும், மற்ற எட்டுப் பேர் சிரித்தது கணக்கில் வராது.

விளம்பரம் ஓடிட்டிருக்கறப்ப ஊர்ல ஏதாவது துக்கம் நடந்துட்டா?

அன்றைக்கே நிறுத்துங்கள். 2011 மார்ச்சில் ஜப்பானில் சுனாமி வந்தபோது, மேலே சொன்ன வாத்துக்குக் குரல் கொடுத்த நடிகர் அதை வைத்து ட்விட்டரில் ஜோக் போட்டார். அந்த நிறுவனத்தின் வருமானத்தில் பெரும்பகுதி ஜப்பானிலிருந்துதான். அவரை உடனே நீக்கினார்கள். அவர் போட்டது விளம்பரமே இல்லை, சொந்தப் பதிவு. அப்படியும் அந்த ஒட்டுறவு போதுமானதாக இருந்தது.

எங்கெங்கே எது ஓடுகிறது, யாருக்குப் போன் செய்தால் நிற்கும் என்று ஒரு தாளில் முன்பே எழுதி வையுங்கள்: ரேடியோ, கேபிள், ஆட்டோ பின்பக்கம், வாட்ஸ்அப் குழு. ஜூன் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில், சிரிப்பே இல்லாத இன்னொரு பிரதியையும் ஒப்புதல் வாங்கித் தயாராக வைத்திருங்கள். யாராவது மனம் நொந்து கேட்டால் "சும்மா ஜோக்குதானே" என்று சொல்லாதீர்கள். எதை எடுத்தீர்கள், எப்போது எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். வீட்டுக்கே போய்ச் சொல்ல வேண்டியிருந்தால் அந்தப் பகுதி முகவரே போகட்டும். போன இடத்தில் பாலிசியைப் பற்றி அவர் வாயே திறக்க வேண்டாம்.